பொண்ணு நல்ல அமைதிங்க

எனக்கு நாலு வயதாகும்போது எல்.கே.ஜி. டீச்சர் என் ரிப்போர்ட் கார்டில் ஒரு வரி எழுதினார். ரொம்ப அமைதியான குழந்தை. அவ்வளவுதான். அந்த ஒரு வரியைப் பதினெட்டு வருடமாக என் கழுத்தில் கட்டி விட்டிருக்கிறார்கள். எழுதின டீச்சர் அடுத்த வருடமே கல்யாணமாகி தாராபுரம் பக்கம் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பார்த்ததை எழுதினார். இந்தக் குழந்தை ஏன் வாயைத் திறக்கவில்லை என்றுதான் அவர் யாரிடமும் கேட்கவில்லை.

ஏனென்றால் எனக்குத் தமிழ் தெரியாது.

கிணத்துக்கடவில் பிறந்தவளுக்குத் தமிழ் தெரியாதா என்று சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் தெலுங்கு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து சேர்ந்த குடும்பங்கள் நாங்கள். ஆந்திராக்காரர்கள் கேட்டால் இது எந்த ஊர்த் தெலுங்கு என்று முழிப்பார்கள், அப்படி ஒரு கலவை. தென்னந்தோப்புக்கு நடுவே வீடு. அக்கம்பக்கம் கிடையாது. அம்மா ராமாமணி, அப்பா நரசிம்மலு, நான், இரண்டு எருமை. நாலு வயது வரைக்கும் அந்தத் தெலுங்குதான் எனக்கு உலகத்துப் பேச்சு. அதில் நான் எருமையோடுகூடச் சண்டை போடுவேனாம். என் வாய்க்குப் பயந்து தேங்காய் போட வருகிறவர் மரத்திலிருந்து இறங்கமாட்டார் என்று அப்பா கேலி செய்வார்.

பள்ளிக்கூடத்தின் முதல் நாள் டீச்சர் ஒவ்வொருவரிடமும் வீடு எங்கே என்று கேட்டார். என் முறை வந்தது. எழுந்து நின்று, "மா இல்லு" என்று ஆரம்பித்தேன். எங்கள் வீடு என்று அர்த்தம். பக்கத்துப் பையன், "மிஸ், இவளுக்கு ஊடே இல்லையாமா!" என்றான். வகுப்பு மொத்தமும் சிரித்தது. டீச்சரும் கொஞ்சம் சிரித்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதத்துக்கு அங்கே வாயைத் திறக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் கேட்டுக் கேட்டே தமிழைக் கற்றுக்கொண்டேன். ஆனால் அதற்குள் ரிப்போர்ட் கார்டு வந்துவிட்டது.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கார்டைப் பையில் போட்டுக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலை என்று சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் தூக்கிக்கொண்டு போனாள். "எங்க ஹரிதா இருக்குற இடமே தெரியாதுங்க" என்பாள். என் அத்தை ரங்கம்மாளின் மகள் ஷ்ரவ்யா என் வயதுக்காரி, பக்கத்திலேயே நின்று பாட்டுப் பாடி ஆடிக்கொண்டிருப்பாள். அத்தை அவள் தலையில் ஒரு குட்டு வைத்து, "அந்தப் புள்ளயப் பாரு!" என்பாள். நாலு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும்? பேசினால் சிரிக்கிறார்கள், பேசாமலிருந்தால் லட்டு தருகிறார்கள். நான் லட்டை வாங்கிக்கொண்டேன்.

ஐந்தாவது படிக்கும்போது வகுப்பு லீடர் ஆக்கினார்கள். லீடருக்கு ஒரே வேலை, டீச்சர் வெளியே போனதும் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது. பேசாதவள்தானே பேசுகிறவர்களைப் பிடிக்க முடியும்! சாக்பீஸோடு நின்று மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்த வாய்களோடு சேர்ந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. அந்த வருடம் எனக்கு ஒரு தோழிகூடக் கிடையாது.

வீட்டில் மட்டும் நான் பழையபடிதான் இருந்தேன். அதுவும் அதே வருடம் முடிந்தது. கோவையிலிருந்து அம்மாவின் மாமா ஒருவர் வந்திருந்தார். நான் தெலுங்கில் அப்பாவோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன், எதற்கென்று இப்போது நினைவில்லை. மாமா காபியை ஆற்றிக்கொண்டே, "புள்ள அமைதின்னு சொன்னியே ராமாமணி?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. உள்ளே கூட்டிப்போய்த் தொடையில் கிள்ளினாள். "ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், மானத்த வாங்காதே" என்றாள். ஊரில் ஒட்டின லேபிள் அன்றைக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தெலுங்கிலும் நான் அமைதிதான்.

உள்ளுக்குள் பேசுவதை யாராலும் நிறுத்த முடியாது, அது வேறு விஷயம். இப்போது எழுதுகிறேன் பாருங்கள், இப்படித்தான் நாள் முழுக்க உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். வாய்வரை வரும். வாயில் ஏதோ ஒன்று தாழ்ப்பாள் போடும். முதலில் நான்தான் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டேன். பிறகு திறக்க வேண்டுமென்று நினைத்தபோது கை எட்டவில்லை.

பி.எஸ்ஸி. விவசாயம் படித்தேன். படிப்பில் எனக்குப் பிடித்தது பூச்சிகள். சொந்தக்காரர்கள் என்னை வாயில்லாப் பூச்சி என்பார்கள், பாராட்டித்தான். பூச்சியைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? எங்கள் பக்கத்துத் தோப்புகளை நாசமாக்கிய வெள்ளை ஈயின் வாயை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். ஊசி மாதிரி இருக்கும். ஓலையின் அடிப்பக்கம் குத்தி உட்கார்ந்தால் மரமே சோர்ந்துபோகும். எங்கள் தோப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள் அதன் கழிவில் பூசணம் படர்ந்து கறுத்துப்போய் நின்றன. அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

மேற்படிப்புக்குத் திருச்சூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. பூச்சியியலில் மொத்தம் ஆறே இடம், அதில் ஒன்று எனக்கு. பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று மெயில் வந்தது. அப்பாவிடம் போனை நீட்டினேன். படித்துவிட்டு, "பாக்கலாம் கண்ணு" என்றார். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். நான் ஆமாம் என்று வைத்துக்கொண்டேன்.

பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

ரங்கம்மாள் அத்தை கொண்டுவந்த இடம். நம்ம தெலுங்கு ஆட்கள்தான், கோவை கணபதியில் சொந்தமாக இரும்பு வார்க்கிற பவுண்டரி, பையன் யஷ்வந்த் பெங்களூரில் படித்துவிட்டு வந்து அதைப் பார்த்துக்கொள்கிறான். கார் வந்து நிற்கும்போதே அத்தை, "பொண்ணு நல்ல அமைதிங்க" என்று சொல்லிக்கொண்டே முன்னால் ஓடினாள். விலை சொல்லிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. காபித் தட்டோடு போனேன். பையனின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்ன படிச்சிருக்கே அம்மணி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொன்னாள். "சமைப்பியா?" அதற்கும் அம்மா. "என்ன புடிக்கும்?" அதற்கு அத்தை. எனக்குக் கோலம் பிடிக்குமாம். எனக்கே அது செய்திதான்.

பிறகு, காலம் மாறிவிட்டதல்லவா, பையனும் பெண்ணும் பத்து நிமிடம் தனியாகப் பேசலாம் என்றார்கள். மோட்டார் ரூம் பக்கம் நடந்தோம். யஷ்வந்த் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். சிரித்த முகம், நிறையப் பேசினான். பெங்களூர் ஹாஸ்டல், அவனுடைய நாய், பவுண்டரியில் இப்போது ஆள் கிடைக்காத கஷ்டம். ஒன்பது நிமிடம் போயிற்று.

"நானே பேசிட்டு இருக்கேனுங்க" என்றான். "எங்க ஊட்ல எல்லாருமே சத்தம். அதனால எனக்கு அமைதியா இருக்குறவங்களத்தான் புடிக்குதுங்க."

நான் தரையைப் பார்த்தேன். பதினெட்டாம் தேதி, பதினெட்டாம் தேதி என்று உள்ளே ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெலுங்கு வருமுங்களா?" என்று கேட்டேன். நம்ப மாட்டீர்கள், அந்தப் பத்து நிமிடத்தில் நான் கேட்டது அது ஒன்றுதான். தெலுங்கில் என்றால் சொல்லிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

"பேச வராதுங்க. அம்மா திட்டுறது எல்லாம் புரியும்" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஏனுங்க, பெரியவங்க சொல்றாங்கன்னு நீங்க தலையாட்ட வேண்டாம். என் நம்பர வெச்சுக்கோங்க. யோசிச்சு ஒரு மெசேஜ் போடுங்க. நீங்க வேண்டாம்னா எனக்குப் புடிக்கலன்னு நானே ஊட்ல சொல்லிப்போடறேன். உங்களுக்கு ஒரு பேச்சும் வராது."

அந்த நிமிடம் அவன் காலில் விழலாம் போல இருந்தது. இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்காது. வாயே தேவையில்லை, விரல் போதும்.

அவர்கள் போகும்போது, இரண்டு பக்கமும் சம்மதம் என்றால் வரும் வெள்ளிக்கிழமையே பூ வைத்து நிச்சயம் பண்ணிவிடலாம், அன்றைக்கு நாள் நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை என்றால் பதினெட்டு.

திங்கட்கிழமை காலை அப்பா தோப்புக்குப் போனதும் என் அறையில் உட்கார்ந்து டைப் செய்ய ஆரம்பித்தேன். வணக்கம் என்று ஆரம்பித்து, உங்கள்மேல் எந்தக் குறையும் இல்லை என்று எழுதி, திருச்சூரைப் பற்றி எழுதி, வெள்ளை ஈயைப் பற்றிக்கூட நாலு வரி எழுதினேன். படித்துப் பார்த்தால் என்னுடையதாகவே இல்லை. இவ்வளவு பேசுகிற பெண்ணா என்று அவன் நினைப்பானே என்று வந்தது. வெட்கக்கேடு, நான் வேண்டாம் என்று சொல்லப்போகிற பையன் என்னைப் பற்றி என்ன நினைத்தால் எனக்கென்ன? ஆனால் அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். பதினொரு மணி ஆகிவிட்டது.

தமிழில்தான் நான் ஊமை என்று அப்போது தோன்றியது. எல்.கே.ஜி. வகுப்பில் அப்படி ஆனவள். அதற்கு முன்னால் எனக்கு ஒரு பேச்சு இருந்தது. அதில் வேண்டாம் என்பதற்கு ஒரே சொல். ஒத்து. பந்து என்று சொல்லும்போது 'து' எப்படி மெத்தென்று வருகிறதோ, அப்படி அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் குழந்தை அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி சொல்வது அதைத்தான். பாலைத் தட்டிவிட்டு ஒத்து, குளிக்கக் கூப்பிட்டால் ஒத்து. அது தெரியாதவன் நம்ம ஆட்களில் இருக்க முடியாது. திட்டுவது எல்லாம் புரியும் என்று அவனே சொன்னானே.

எங்களில் யாருக்கும் தெலுங்கு எழுத்துத் தெரியாது. அம்மாவின் மளிகைப் பட்டியல், அத்தையின் வாட்ஸ்அப் வம்பு எல்லாமே தெலுங்குப் பேச்சு, தமிழ் எழுத்து. அதே பழக்கத்தில் மூன்று எழுத்தை அடித்தேன். ஒத்து. யோசித்தால் மறுபடி அழித்துவிடுவேன் என்று கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

அனுப்பியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து வயதுக்குப் பிறகு அப்படி வரவே இல்லை. கண்ணாடி முன்னால் போய் நின்று சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்குப் பிடித்திருந்தது. சான்றிதழ்களை எடுத்து ஃபைலில் வரிசையாக வைத்தேன். பாலக்காடு வழியாகப் போகிற ரயில் நேரத்தைப் பார்த்தேன்.

போனில் பதில் வந்து விழுந்தது.

"ஒத்துக்கிறேன்னு முழுசா எழுதறதுக்குக்கூட வெக்கமாங்க! ரொம்ப சந்தோஷம். இப்பவே அம்மாட்ட சொல்லிப்போடறேன்." பக்கத்தில் சிரிக்கிற பொம்மை மூன்று.

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு நான் அனுப்பியதை, தமிழ் படிக்கிறவன் கண்ணால் படித்துப் பார்த்தேன். ஒத்து. ஒத்துக்கொள்கிறேன் என்பதில் பாதி. எங்கள் காதில் மெத்தென்று விழுகிற சொல்லுக்கும், அவன் படித்த சொல்லுக்கும் தமிழில் ஒரே எழுத்துதான். அவன்மேல் தப்பில்லை. ஒற்றைச் சொல்லில் நான் மறுப்பேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை, ஒற்றைச் சொல்லில் சம்மதிப்பேன் என்றால் நம்பலாம். பொண்ணுதான் நல்ல அமைதியாயிற்றே.

'அப்படி இல்லைங்க' என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் அம்மாவின் போன் அடித்தது. "நெசமாவா அண்ணி? அவளே சொன்னாளா?" என்று அம்மா கத்துவது கேட்டது. அத்தைக்கு அதற்குள் செய்தி போய்விட்டது. அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளிடம் வெங்காய வாசனையும் வியர்வை வாசனையும் அடித்தது. எனக்கு நினைவு தெரிந்து அவள் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

போனை அம்மா கையில் கொடுத்து அந்த மெசேஜைக் காட்டினேன். அமைதியான பெண்ணின் புத்தி அவ்வளவுதான். அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியும், அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள், ஒரு தரம் பார்த்தால் போதும், நான் வாயைத் திறக்காமலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அம்மா படித்தாள். அவளுக்கு உதடசைக்காமல் படிக்க வராது. மெத்தென்று, சரியாக, எங்கள் வீட்டில் சொல்கிறபடியே அவள் உதடு அந்தச் சொல்லைச் சொன்னது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குக் கீழே யஷ்வந்தின் பதிலையும் படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்ததும் அவளுக்குத் தெரிந்தது.

"எனக்குக் கல்யாணம் பண்ணும்போது என்னைய யாரு கேட்டாங்க?" என்றாள். வீட்டுப் பேச்சில்தான், மெல்லிய குரலில். "போனா பழகிப்போகும். இனிமே மாத்திச் சொன்னா ராமாமணி வளத்தது இவ்வளவுதானான்னு பேசுவாங்க."

அத்தை அப்பாவுக்கும் போன் போட்டிருக்க வேண்டும், அவர் தோப்பிலிருந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "என்ன ராமா? என்ன எழுதியிருக்கா?" என்று தெலுங்கில் கேட்டார்.

அம்மா போனின் திரையை முந்தானையால் துடைத்தாள்.

"ஒத்துக்கிட்டாளுங்க" என்றாள், தமிழில்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா அப்பாவிடம் தமிழில் பேசியதே இல்லை. அப்பா அதைக் கவனிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "நெசமாவா கண்ணு?" என்றார். "அந்தத் திருச்சூர் சமாச்சாரம் என்னாச்சு?"

அவர் அவசரப்படவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நின்று காத்திருந்தார். அவருக்குப் பின்னால் அம்மா நின்றாள். ஒரே ஒரு சொல்தான். சற்று முன்னால்தான் கண்ணாடியில் நன்றாகச் சொன்னேன். தொண்டைவரை வந்தது. எனக்கு என்மேல் அவ்வளவு ஆத்திரமாக இருந்தது. தலை தானாகக் குனிந்தது. எத்தனையோ வருடப் பழக்கம், அது யாரைக் கேட்டுக்கொண்டு குனியும்? அப்பா அதைத் தலையாட்டலாக எடுத்துக்கொண்டார்.

"சரி கண்ணு. படிப்ப அடுத்த வருசம் பாத்துக்கலாம், மாப்பிள்ளையே படிக்க வெப்பாரு" என்று சொல்லி என் தலையைத் தடவினார். பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்து, "வெள்ளிக்கிழமையே வந்துருங்க, பூ வெச்சரலாமுங்க" என்றார்.

என் போனை அம்மா அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். திறந்து பார்த்தேன். யஷ்வந்தின் நம்பர் அப்படியே இருந்தது. நான் அனுப்பிய சொல்லும் இருந்தது. எதையும் அழிக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை. நான் யாரிடமும் எதுவும் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.